புகையின் நிறமும் புல்லட்டின் வரலாறும்



சற்று நீண்ட பதிவு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணிந்து எழுதுகிறேன். அப்பாவோ தாத்தாவோ விட்டுச்சென்ற பழைய புல்லட் வீட்டில் நிற்குமானால் கட்டாயம் கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் வரலாற்றுக்காகப் படிக்கலாம்.

சைலன்சரில் வரும் புகையின் நிறத்தைப் பார்த்தே எஞ்சினுக்குள் என்ன கோளாறு என்று சொல்லிவிடும் அறிவு ஒன்று நம் ஊர்ப் பட்டறைகளில் இருந்தது. பெரும்பாலும் ஏட்டில் ஏறாத அறிவு. அது இங்கே இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. இப்போது அது தேய்ந்து வருவதற்கும் காரணம் உண்டு. அது தேய்வதால் நல்ல எஞ்சின்கள் தேவையில்லாமல் பிரிக்கப்படுகின்றன. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் கார்புரேட்டர் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுக்குள் ஒழுங்காக எரியாது. காற்றோடு நன்றாகக் கலந்தால்தான் எரியும். ஜெர்மனியில் கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் 1885இல் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளை ஓட்டிக் காட்டினார்கள். அதில் பெட்ரோலின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியைத்தான் காற்றோடு சேர்த்து எஞ்சினுக்குள் இழுத்தார்கள். வெயில் அடித்தால் ஒரு மாதிரி, குளிர்ந்தால் ஒரு மாதிரி. 1893இல் மேபாக் பெட்ரோலை நுண்துளை வழியே தூவும் முறையைக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் ஹங்கேரியில் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் இதேபோன்ற அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. அந்தக் காலத்தில் மூட்டைப்பூச்சி மருந்து அடிக்க வீட்டில் ஒரு ஃபிளிட் பம்பு இருக்கும். கைப்பிடியைத் தள்ளினால் காற்று வேகமாக ஒரு சிறு குழாயின் வாயைக் கடக்கும். அந்த வேகத்தில் கீழே டப்பாவில் இருக்கும் மருந்து மேலே ஏறிப் பனிபோலச் சிதறும். கார்புரேட்டரும் அதேதான். பம்புக்குப் பதில் பிஸ்டன் காற்றை இழுக்கிறது. மருந்துக்குப் பதில் பெட்ரோல் சிதறுகிறது.

இங்கிலாந்தில் அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் 1927இல் ஒன்றுசேர்ந்து அமால் என்ற பெயரில் ஒரே கம்பெனி ஆயின. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் என்றால் பெரும்பாலும் அமால் கார்புரேட்டர்தான். நம் ஊருக்கு வந்த ஆரம்பகாலப் புல்லட்டுகளிலும் அமாலே இருந்தது. காலையில் கிளப்பும் முன் கார்புரேட்டர் மேலுள்ள சிறு பொத்தானை விரலால் அழுத்திப் பெட்ரோல் கசியும்வரை காத்திருந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

இனி புல்லட்டின் பயணம்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932இல் புல்லட் என்ற பெயரை முதலில் பயன்படுத்தியது. நாம் அறிந்த வடிவம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. 70 மில்லிமீட்டர் குறுக்களவு, 90 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டம், 346 சி.சி. விடுதலை பெற்ற இந்தியாவில் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் உறுதியான வண்டி தேவைப்பட்டது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள்.

அங்கே என்ன ஆயிற்று? ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி முற்றிலும் நின்றது. தாய் இறந்தும் பிள்ளை வாழ்ந்தது. 1977இல் திருவொற்றியூரில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது! வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் தெரியும் பெருமிதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்புது எஞ்சின்கள் வந்தபடி இருந்தன. நம் நாட்டில் லைசென்ஸ் காலம். புதுக் கம்பெனிகள் எளிதில் நுழைய முடியாது. இறக்குமதியும் இல்லை. ஆகவே 1950களின் வடிவம் இங்கே அப்படியே நின்றது. அந்த இரும்பு சிலிண்டர் எஞ்சின், சிறுசிறு மாற்றங்களோடு, 2010 வாக்கில்தான் முழுவதும் ஓய்ந்தது.

தொழில்நுட்பத்தில் நாம் பின்தங்கிப்போனோம் என்று இதைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதே நிலைமைக்கு இன்னொரு விளைவும் இருந்தது. ஒரே எஞ்சினை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தகப்பன் பார்த்தார், மகன் பார்த்தார், பட்டறையில் டீ வாங்கிவந்த பையனும் பார்த்தான். ஒரே பாடத்தை மூன்று தலைமுறை படித்தால் எப்படி இருக்கும்? மனப்பாடம் ஆகிவிடும். கருவிகள் அதிகமில்லாத இடத்தில் கண்ணும் மூக்கும் காதுமே கருவிகள் ஆயின. புகையைப் படிக்கும் கலை இப்படித்தான் நம் பட்டறைகளில் வளர்ந்தது.

நான் 1989இல் பழைய 350 ஒன்றை வாங்கினேன். எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணன் ஒருவரிடம்தான் இதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

கரும்புகை: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. சிம்னி விளக்கில் திரியை அளவுக்கு மேல் ஏற்றினால் கண்ணாடியில் கரி படியுமே, அதே கதைதான். சைலன்சர் வாயில் வெள்ளைக் காகிதத்தைக் காட்டினால் உலர்ந்த கரித்தூள் ஒட்டும். பெட்ரோல் நெடி அடிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உலர்ந்த கருமை. காரணம் சோக் முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஃப்ளோட் மட்டம் ஏறியிருக்கலாம், ஜெட்டோ நீடிலோ தேய்ந்திருக்கலாம். எதுவானாலும் பிஸ்டனைத் தொட வேண்டிய வேலை இல்லை.

நீலப்புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது. கண் எரியும். காகிதத்தில் எண்ணெய்ப் பொட்டு விழும். பிளக் ஈரக் கருமையாக இருக்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். எப்போது நீலம் வருகிறது என்று பார்க்க வேண்டும். மேட்டில் ஏறும்போது, ஆக்சிலேட்டரை முறுக்கி எஞ்சின் பாரம் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வந்து மறுபடி திறக்கும்போது ஒரு குபீர் வந்தால் வால்வு கைடு. நாள்கணக்கில் நின்ற வண்டியைக் கிளப்பியதும் வந்து, சில நிமிடத்தில் அடங்கினால்? அது நோயே அல்ல. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

வெண்புகை: குளிர்ந்த காலையில் சைலன்சருக்குள் படிந்த ஈரம் ஆவியாகப் போவது இயல்பு. மணமில்லாமல் சீக்கிரம் மறைந்துவிடும். வெண்புகை என்றாலே ஹெட் கேஸ்கட் போயிற்று என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அது தண்ணீர் ஊற்றி ஓட்டும் காருக்குப் பொருந்தும். புல்லட்டுக்குக் காற்றே குளிர்ச்சி. ரேடியேட்டரே இல்லாத வண்டியில் ரேடியேட்டர் தண்ணீர் எங்கிருந்து வரும்?

இன்னொன்று. இந்தக் கணக்கை ராஜ்தூத், யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் போடாதீர்கள். அவற்றில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிவதுதான் அமைப்பு. லேசான நீலப்புகை அங்கே ஆரோக்கியம்.

இனி அந்த நோயில்லாத நோய்க்கு வருவோம்.

புல்லட்டில் ஆயில் டாங்கி தனியாகத் தொங்காது. எஞ்சின் அடிப்பாகத்திலேயே ஓர் அறையில் ஆயில் இருக்கும். ஒரு பம்பு அதை மேலே அனுப்பும். இன்னொரு பம்பு கிராங்க் சுழலும் அறையில் வடிந்ததை எடுத்துத் திரும்ப டாங்கி அறைக்கே சேர்க்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் டாங்கி அறை ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். கிளப்பியதும் கிராங்க் அந்த ஆயிலை வாரி அடிக்கும். பிஸ்டனைத் தாண்டி மேலே ஏறி எரியும். தெருவே நீலமாகும். பம்பு அதைத் திரும்ப எடுத்தபின் புகை அடங்கும்.

இது தெரியாததால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம். என் முன்னாள் மாணவர் ஒருவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். அப்பா காலமாகி, அவருடைய 1970களின் புல்லட் ஓர் ஆண்டுக்கும் மேலாகத் திண்ணையோரம் நின்றது. விடுமுறையில் வந்தவர் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஆயில் அடியில் கிடந்தது. பாதி லிட்டருக்கும் மேல் ஊற்றிக் கிளப்பினார். ஒரே புகை. ஒரு பட்டறையில் காட்டினார். பிரித்துப் பார்க்காமலேயே ரீபோர் செய்து புது பிஸ்டன் போட வேண்டும் என்று பெரிய தொகை சொல்லிவிட்டார்கள். “சார், அப்பா கடைசிவரை ஓட்டின வண்டி சார். பிரிக்கட்டுமா?” என்று போனில் கேட்டார்.

அவசரப்படாதே தம்பி என்றேன். ரீபோர் என்பது சும்மா இல்லை. சிலிண்டரின் இரும்பைக் கடைந்து எடுத்துவிட்டு 20 தௌ, 40 தௌ என்று பெரிய பிஸ்டன் போடுவது. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடைந்த இரும்பு திரும்ப வராது. சில முறைக்கு மேல் கடையவும் முடியாது. கம்பெனி கொடுத்த சிலிண்டரின் ஆயுளில் ஒரு பகுதியைத் தவறான கணிப்புக்காகத் தின்றுவிடுவோம்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஆயில் குறையவே இல்லை. இருந்த ஆயில் கிராங்க் அறைக்குள் இறங்கியிருந்தது. அதனால்தான் டிப் ஸ்டிக் காலியாகத் தெரிந்தது. அதன்மேல் இன்னும் ஊற்றியதால் அளவு மீறிவிட்டது. கூடவே காற்றுப்போக்கியின் ரப்பர், வாத்து அலகு போல இருக்குமே, அது இறுகிப் பிளவு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அழுத்தம் வெளியேற வழியில்லாமல் ஆயிலை மேலே தள்ளியது. பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புது ஆயில் விட்டோம். ரப்பரை மாற்றினோம். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தியபிறகு டிப் ஸ்டிக் பார்த்து அளவைச் சரிசெய்தோம். நீலப்புகை போயிற்று. மேட்டில் ஏற்றியும் பார்த்தோம், வரவில்லை. செலவு ஆயிலுக்கும் ஒரு ரப்பர் துண்டுக்கும் மட்டும். அந்தத் தம்பி வண்டி டாங்கியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

நீலம் போனபின் லேசான கருமை மிச்சமிருந்தது. அது கார்புரேட்டர் வேலை. அதன் வரிசையையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும்.

கார்புரேட்டரைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். முதலில் டேப்பட், காண்டாக்ட் பிரேக்கர் இடைவெளி, பிளக், ஏர் ஃபில்டர். அடுத்து கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையில் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இவை சரியில்லாமல் கார்புரேட்டரைத் திருகுவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் தெர்மாமீட்டரைத் திருத்துவது போல.

அமாலுக்குப் பின் புல்லட்டில் வந்தது மிக்கார்ப் வி.எம். 24. சென்னையின் யூகால் கம்பெனி ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து செய்தது. இரண்டிலும் தத்துவம் ஒன்றே. ஆக்சிலேட்டர் திறப்பில் முதல் எட்டில் ஒரு பங்குவரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆளும். கால் திறப்புவரை ஸ்லைடின் வெட்டு. காலிலிருந்து முக்கால்வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். எந்தத் திறப்பில் புகைகிறதோ, எந்தத் திறப்பில் திணறுகிறதோ, அந்தப் பகுதியைப் பார்த்தால் போதும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம்.

ஐடிலிங் வைக்க, எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும். ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏர் ஸ்க்ரூவைப் பைய உள்ளே திருகினால் காற்று குறையும். வெளியே திருகினால் காற்று கூடும். எஞ்சின் எந்த இடத்தில் மிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூவை இறக்குங்கள். ஒன்றிரண்டு முறை இதைத் திரும்பச் செய்யுங்கள். ஏர் ஸ்க்ரூ பெரும்பாலும் முழுதும் மூடிய நிலையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு சுற்றுக்குள் வந்து நிற்கும். டுப் டுப் சத்தத்துக்கு ஆசைப்பட்டு ஐடிலிங்கை அளவுக்கு மேல் இறக்காதீர்கள். எஞ்சின் மெதுவானால் ஆயில் பம்பும் மெதுவாகும்.

நீடிலில் கிளிப்பை ஒரு வெட்டு கீழே போட்டால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். மேலே போட்டால் குறையும். அந்தத் தம்பியின் வண்டியில் யாரோ கிளிப்பைக் கடைசி வெட்டில் போட்டிருந்தார்கள். நடு வெட்டுக்கு மாற்றினோம். சில நாள் ஓட்டியபின் பிளக் பழுப்பு நிறத்துக்கு வந்தது. அதுவே நல்ல நிறம். வெளுத்து வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் சூடேறும் என்று பொருள்.

இந்த அறிவு தேய்வது ஏன்?

1991இல் நம் நாட்டில் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6. அதோடு புது மோட்டார் சைக்கிள்களில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்து கார்புரேட்டர் விடைபெற்றது. பெட்ரோலை அளப்பது இப்போது ஒரு சிறு கம்ப்யூட்டரின் வேலை. கோளாறு என்றால் மீட்டரில் ஒரு விளக்கு எரியும். மெக்கானிக் கருவியை மாட்டி எண்ணைப் படிப்பார். இந்த மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. பள்ளி வாசலில் நின்று கரும்புகையைக் குடித்த பிள்ளைகளைப் பார்த்தவன் நான். சுத்தமான காற்றுக்காகக் கார்புரேட்டர் போனது நல்லதே.

ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பெட்ரோலும் மாறிவிட்டது. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பம்புகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், முன்பு அளந்துவைத்த ஜெட்டில் கலவை கொஞ்சம் மெலியும். பழைய ரப்பர்கள் ஊறிக் கெடும். ஈரத்தையும் இழுக்கும். ஆகவே பழைய கணக்கு தெரிந்தவர்களின் தேவை கூடித்தான் இருக்கிறது. அவர்கள் எண்ணிக்கைதான் குறைகிறது. எனக்குக் கற்றுத்தந்த அண்ணனின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அவர் நோட்டு எதுவும் வைத்திருக்கவில்லை. எல்லாம் தலைக்குள் இருந்தது.

திருவொற்றியூர் ஆலையின் வரலாற்றைக் கம்பெனிகள் எழுதிக்கொள்ளும். அந்த ஆலையிலிருந்து வெளியேறிய வண்டிகளை அரை நூற்றாண்டு ஓட வைத்தவர்களின் வரலாற்றை யார் எழுதுவது? நாம்தான் எழுத வேண்டும். உங்கள் ஊரில் வயதான புல்லட் மெக்கானிக் யாராவது இருந்தால் ஒரு மாலை அவரோடு உட்காருங்கள். புகை, சத்தம், பிளக் நிறம் பற்றி அவர் என்ன சொல்கிறாரோ, அவர் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். செல்போனில் குரலைப் பதிந்தாலும் சரி.

புகைக்கு உங்கள் பக்கத்தில் வேறு பெயர்கள், வேறு சோதனைகள் இருந்தால் கீழே கருத்தில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கிறேன். இன்னொரு முறை ஒரு பிள்ளை “பிரிக்கட்டுமா சார்?” என்று கேட்கும்போது எடுத்துக் கொடுக்க உதவும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்